மாட்டு நோய்கள் வரும் வழி எது? அடைப்பது எப்படி?

பக்கத்து ஊரில் கோமாரி வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டால் நாம் முதலில் என்ன செய்வோம்? நம் மாட்டின் வாயைத் திறந்து பார்ப்போம். குளம்பு இடுக்கைப் பார்ப்போம். புண் இல்லை, எச்சில் ஒழுகவில்லை, தீனி எடுக்கிறது என்றால், ‘நமக்கு வரவில்லை’ என்று நிம்மதியாக இருந்துவிடுவோம்.

கோமாரியைப் பொறுத்தவரை இந்த நிம்மதியை நம்ப முடியாது. வைரஸ் மாட்டின் உடலுக்குள் போய், நோய் வெளியே தெரிவதற்கு 2 முதல் 14 நாட்கள் வரை ஆகலாம். வாயில் புண் தெரிவதற்குச் சில நாட்கள் முன்பிருந்தே அந்த மாட்டின் எச்சிலிலும் மூச்சுக் காற்றிலும் பாலிலும் வைரஸ் வெளியேறத் தொடங்கிவிடும். அந்த நாட்களில் மாடு வழக்கம்போல மேயும், பால் கறக்கும், அடுத்த மாட்டை நக்கும், ஒரே தொட்டியில் தண்ணீர் குடிக்கும். ஆகவே, நாம் புண்ணைப் பார்க்கும் நாளில் கொட்டகையில் உள்ள மற்ற மாடுகளுக்கும் நோய் தொற்றியிருக்க வாய்ப்பு அதிகம்.

அதனால்தான் தொற்றுநோய்த் தடுப்பு என்பது நோயைப் பார்த்த பிறகு தொடங்கும் வேலையாக இருக்க முடியாது. எல்லா மாடுகளும் நன்றாக இருக்கும் நாட்களில் செய்ய வேண்டிய வேலை அது. எந்த நோய் எந்த வழியாக வருகிறது என்று தெரிந்துகொண்டால், அந்த வழியை அடைப்பது பெரிய செலவு பிடிக்கும் காரியமும் இல்லை.

சந்தையில் தொடங்கும் பயணம்

தெரியாமல் பரவும் இந்த நாட்கள் எவ்வளவு சேதம் செய்யும் என்பதற்கு பிரிட்டனில் 2001-ல் நடந்தது ஓர் உதாரணம். அங்கே ஒரு பன்றிப் பண்ணையில் இருந்து கோமாரி, அருகில் இருந்த செம்மறி ஆடுகளுக்குத் தொற்றியது. செம்மறி ஆடுகளில் கோமாரியின் அறிகுறி லேசாகத்தான் இருக்கும் என்பதால் யாரும் கவனிக்கவில்லை. அந்த ஆடுகள் ஹெக்ஸாம், லாங்டவுன் என்ற இரண்டு சந்தைகள் வழியாக வியாபாரிகள் கைக்குப் போய், நாட்டின் பல பகுதிகளில் இறங்கின. பிப்ரவரி 20-ம் தேதி நோய் உறுதி செய்யப்பட்டபோது அது பல மாவட்டங்களைத் தாண்டிவிட்டது. அடுத்த ஏழு மாதங்களில் சுமார் 2,000 பண்ணைகளில் கோமாரி கண்டறியப்பட்டது. 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் கொல்லப்பட்டன.

அந்த ஆடுகளை விற்றவர்களுக்கோ வாங்கியவர்களுக்கோ நோய் இருப்பது தெரியாது. நம் ஊர் மாட்டுச் சந்தைகளிலும் நிலைமை இதுதான். பல ஊர் மாடுகள் ஒரே நாளில் ஒரே இடத்தில் நிற்கின்றன. மாலையில் வெவ்வேறு வண்டிகளில் ஏறி வெவ்வேறு ஊர்களுக்குப் போகின்றன. பார்வைக்கு நன்றாக இருக்கிறது, பல் பிடித்துப் பார்த்தாயிற்று, சுழி பார்த்தாயிற்று என்பதெல்லாம் அந்த மாட்டில் தொற்று இல்லை என்பதற்குச் சாட்சி ஆகாது.

புது மாட்டுக்கு ஒரு மாதம் தனி இடம்

சந்தையில் வாங்கினாலும், தரகர் மூலம் வாங்கினாலும், உறவினர் வீட்டில் இருந்து ஓட்டி வந்தாலும் புது மாட்டை நேராக உங்கள் கட்டுத்தறியில் கட்டாதீர்கள். ஒரு மாதம் தனியாகக் கட்டுங்கள். கோமாரி வெளிப்பட 14 நாட்கள் வரை ஆகலாம். தோல் கழலை நோய்க்கு 28 நாட்கள் வரை கணக்கு வைக்க வேண்டும். ஒரு மாதம் என்று சொல்வது இதனால்தான்.

‘இருப்பதே ஒரு கொட்டகை, தனி இடத்துக்கு எங்கே போவது?’ என்று கேட்பீர்கள். தனிக் கட்டடம் தேவையில்லை. தோட்டத்து வேப்ப மரத்தடி போதும். மற்ற மாடுகளோடு மூக்கும் மூக்கும் உரசாத தூரம் இருக்க வேண்டும். தண்ணீர் வாளி, தீவனக் கூடை, தாம்புக்கயிறு மூன்றும் தனியாக இருக்க வேண்டும். மழைநீரும் மூத்திரமும் அங்கிருந்து பழைய கொட்டகைப் பக்கம் ஓடிவரக் கூடாது. தினமும் பழைய மாடுகளின் வேலையை முடித்துவிட்டு, கடைசியாகப் புது மாட்டிடம் போங்கள். திரும்பியதும் கை, கால்களைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

இந்த ஒரு மாதத்தில் உண்ணி நீக்கம், குடற்புழு நீக்கம், விடுபட்ட தடுப்பூசி ஆகியவற்றையும் முடித்துவிடலாம். கறவை மாடாக இருந்தால் மடிநோய்க்கும், சினை மாடாக இருந்தால் கருச்சிதைவு நோய்க்கும் பரிசோதனை செய்யக் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். கிடா, எருது, கன்று எதை வாங்கினாலும் விதி ஒன்றுதான். சந்தைக்குக் கொண்டுபோய் விலை படியாமல் திரும்பி வந்த உங்கள் சொந்த மாடும் இந்தக் கணக்கில் புது மாடுதான்.

எந்த நோய்க்கு எந்த வழி?

எல்லா நோய்க்கும் ஒரே தடுப்பு பலன் தராது. கோமாரிக்குச் செய்யும் ஏற்பாடு உண்ணிக் காய்ச்சலைத் தடுக்காது. நோய் வரும் வழியைப் பொறுத்து ஏற்பாடு மாறும்.

எச்சிலும் மனிதர் காலடியும்: கோமாரி மாட்டுக்கு மாடு நேராகத் தொற்றுவதோடு, நம் கை, செருப்பு, வாளி, பால் கேன், வண்டிச் சக்கரம் ஆகியவற்றில் ஒட்டிக்கொண்டும் வரும். வீடு வீடாகப் போய்ப் பால் கறப்பவர், பால் சேகரிப்பவர், சினை ஊசி போடுபவர், மாடு பார்க்க வரும் தரகர் எல்லோருமே அறியாமல் அதைச் சுமந்து வரக்கூடும். ஊரில் நோய் இருக்கும்போது வெளியாட்களைக் கொட்டகைக்குள் விடாதீர்கள். பால் கேனை வாசலிலேயே கொடுத்து வாங்குங்கள். பொதுக் குட்டையில் தண்ணீர் காட்டுவதையும் பொது மேய்ச்சலையும் நிறுத்தி வையுங்கள்.

கடிக்கும் பூச்சிகள்: தோல் கழலை நோய் 1929-ல் ஆப்பிரிக்காவின் சாம்பியாவில் முதன்முதலாக அறியப்பட்டது. இந்தியாவுக்குள் 2019-ல் ஒடிசாவில் கண்டறியப்பட்டது. 2022-ல் குஜராத், ராஜஸ்தான் மாநிலங்களில் ஏராளமான மாடுகளைப் பலி கொண்டது. இதைப் பெரும்பாலும் பரப்புவது கடிக்கும் ஈ, கொசு, உண்ணி. எனவே சாணக் குவியலைக் கொட்டகையை விட்டுத் தள்ளி வையுங்கள். தேங்கும் நீரை வடியுங்கள். அந்தி நேரத்தில் வேப்பிலை, நொச்சி இலைப் புகை போடுங்கள். முடிந்தவர்கள் கொசுவலை கட்டுங்கள். நோய் கண்ட மாட்டின் தோலில் இருந்து உதிரும் பொருக்கிலும் வைரஸ் பல நாட்கள் உயிரோடு இருக்கும் என்பதால், அதைப் பெருக்கி எடுத்து எரித்துவிட வேண்டும். ஒரு மாட்டுக்குக் குத்திய ஊசியை அடுத்த மாட்டுக்குக் குத்த விடாதீர்கள். ஊசியை மாற்றச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை.

கலப்பினப் பசுக்களை அதிகம் தாக்கும் தைலேரியா என்ற உண்ணிக் காய்ச்சலும் இந்த வகைதான். மாட்டின் மேல் உள்ள உண்ணியை மட்டும் ஒழித்தால் போதாது. பெண் உண்ணி ரத்தம் குடித்து முடித்ததும் கீழே விழுந்து, சுவர் வெடிப்பிலும் தரை இடுக்கிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். மருந்து தெளித்த சில வாரங்களில் மீண்டும் உண்ணி ஏறுவதற்குக் காரணம் இந்த வெடிப்புகள்தான். அவற்றைச் சிமெண்ட் பூசி அடைத்துச் சுண்ணாம்பு அடியுங்கள். உண்ணி மருந்தைத் தெளிக்கும்போது சுவருக்கும் தரைக்கும் சேர்த்துத் தெளியுங்கள். மருந்தின் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தீவனத் தொட்டியில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மண்: அடைப்பான் நோயில் மாடு திடீரென்று இறந்துவிடும். மூக்கு, ஆசனவாய் வழியாக உறையாத கருஞ்சிவப்பு ரத்தம் வடியும். இப்படி இறந்த மாட்டை எக்காரணம் கொண்டும் அறுக்கவோ தோலை உரிக்கவோ கூடாது. உடல் மூடியே இருந்தால், அது அழுகும்போது உள்ளே இருக்கும் கிருமிகளும் அழிந்துபோகும். அறுத்துத் திறந்தால் காற்றுப் பட்டு, கிருமிகள் கெட்டியான ஓட்டுக்குள் புகுந்த விதைபோல மாறிவிடும். அந்த நிலையில் மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடந்து, பிற்காலத்தில் அங்கே மேயும் மாட்டைத் தாக்கும். இந்த நோய் மனிதர்களுக்கும் வரும். மருத்துவருக்குத் தகவல் சொல்லி, அவர் சொல்லும் இடத்தில் ஆறு அடிக்குக் குறையாத குழியில் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும்.

தொடை, சப்பைப் பகுதியில் வீங்கி, அழுத்தினால் நறநறவென்று ஒலி கேட்கும் சப்பை நோயும் மண்ணில் தங்கும் கிருமியால் வருவதே. பெரும்பாலும் 6 மாதம் முதல் 2 வயது வரையுள்ள கொழுத்த இளம் மாடுகளைத் தாக்கும்.

மழையும் களைப்பும்: தொண்டை அடைப்பான் கிருமி சில மாடுகளின் தொண்டைப் பகுதியில் எந்தத் தொந்தரவும் செய்யாமல் தங்கியிருக்கும். மாடு நனைந்து நடுங்கும்போதும், லாரியில் நெடுந்தூரம் நின்று வரும்போதும், பட்டினி கிடக்கும்போதும் எதிர்ப்பு சக்தி குறையும், கிருமி பெருகும். கடும் காய்ச்சல், தொண்டை வீக்கம், குறட்டைபோல மூச்சு என்று வந்து ஓரிரு நாளில் உயிர் போய்விடும். எருமைகளை இது இன்னும் கடுமையாகத் தாக்கும். சிகிச்சைக்கு அவகாசம் மிகக் குறைவு என்பதால், மழைக்கு முன்பே தடுப்பூசி போட்டுவிடுவதுதான் வழி.

விழுந்த கருவும் நஞ்சுக்கொடியும்: சினைப் பிடித்து 5 மாதத்துக்கு மேல் கரு விழுந்தால் புருசெல்லோசிஸ் என்ற கருச்சிதைவு நோயாக இருக்கலாம். விழுந்த கருவிலும் நஞ்சுக்கொடியிலும் கசியும் நீரிலும் கிருமி கோடிக்கணக்கில் இருக்கும். அது பட்ட புல்லையோ தீவனத்தையோ தின்னும் மாட்டுக்குத் தொற்றும். வெறுங்கையால் எடுப்பவருக்கும், காய்ச்சாத பாலைக் குடிப்பவருக்கும் தொற்றும். மனிதர்களுக்கு விட்டுவிட்டு வரும் காய்ச்சலும் மூட்டு வலியுமாக மாதக்கணக்கில் நீடிக்கும். கையுறை அணிந்து எடுத்து, நாய் தோண்டாத ஆழத்தில் சுண்ணாம்புடன் புதையுங்கள். கிழித்துக் குட்டையில் வீசுவதும், பால் மரத்தில் கட்டித் தொங்கவிடுவதும் கூடாது.

கறப்பவரின் கை: மடிநோய்க் கிருமிகளில் சில, நோயுள்ள காம்பில் இருந்து அடுத்த மாட்டுக்குக் கறப்பவர் கை வழியாகவே போகின்றன. நல்ல மாடுகளை முதலில் கறந்துவிட்டு, மடிநோய் உள்ளதைக் கடைசியாகக் கறக்க வேண்டும். ஒவ்வொரு மாட்டுக்கும் கை கழுவ வேண்டும். நோயுற்ற காம்பின் பாலைத் தரையில் பீய்ச்சாமல் பாத்திரத்தில் பிடித்துக் கிருமிநாசினி கலந்து தொலைவில் கொட்ட வேண்டும். கறந்து முடித்ததும் காம்புத் துளை மூட அரை மணி நேரமாவது ஆகும். அதுவரை மாடு படுக்காமல் இருக்க, கறந்த பிறகு பசுந்தீவனம் போடுங்கள்.

தடுப்பூசி: ஊரே சேர வேண்டும்

கோமாரி, புருசெல்லோசிஸ் இரண்டையும் கட்டுப்படுத்த 2019-ல் தேசிய அளவில் தொடங்கப்பட்ட திட்டத்தின்கீழ் தடுப்பூசி இலவசமாகப் போடப்படுகிறது. பொதுவான அட்டவணை இது:

கோமாரி: கன்றுக்கு 4 மாதத்தில் முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து ஊக்க ஊசி, பிறகு 6 மாதத்துக்கு ஒருமுறை.

தொண்டை அடைப்பான், சப்பை நோய்: 6 மாத வயதுக்கு மேல், மழைக்காலத்துக்கு முன் ஆண்டுக்கு ஒருமுறை.

அடைப்பான்: முன்பு நோய் வந்த பகுதிகளில் ஆண்டுக்கு ஒருமுறை.

தோல் கழலை நோய்: ஆண்டுக்கு ஒருமுறை.

புருசெல்லோசிஸ்: 4 முதல் 8 மாதம் வரையுள்ள கிடேரிக் கன்றுக்கு மட்டும், வாழ்நாளில் ஒருமுறை.

‘ஊசி போட்டால் பால் குறையும்’ என்று சொல்லி முகாம் நாளில் மாட்டைத் தோட்டத்துக்கு ஓட்டிவிடுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஊசி போட்ட ஓரிரு நாள் லேசான காய்ச்சலும் சிறிது பால் குறைவும் இருக்கலாம் என்பது உண்மையே. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். தினம் 10 லிட்டர் கறக்கும் பசு கோமாரி வந்து இரண்டு மாதம் 5 லிட்டர்தான் கறக்கிறது, லிட்டர் 35 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், பாலில் மட்டும் இழப்பு 10,500 ரூபாய். சிகிச்சைச் செலவு தனி. தேறிய பிறகும் பல மாடுகள் அந்த ஈற்றில் பழைய பால் அளவுக்குத் திரும்புவதில்லை. சில மாடுகள் முடி நீண்டு, லேசான வெயிலுக்கே இரைக்கத் தொடங்கும்; சினை பிடிப்பதும் தள்ளிப்போகும். நிறைசினையாக இருந்தால் மட்டும், ஊசி போடலாமா என்று மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

ஊசி போட்டவுடன் பாதுகாப்பு வந்துவிடாது. சுமார் இரண்டு வாரம் ஆகும். நோய் ஊருக்குள் வந்த பிறகு ஓடிப்போய்ப் போடும் ஊசி சில மாடுகளுக்குப் பலன் தராமல் போவது இதனால்தான். ஊரில் பெரும்பாலான மாடுகளுக்கு ஊசி போட்டிருந்தால், வைரஸ் அடுத்தடுத்துத் தாவ மாடு கிடைக்காமல் அடங்கிவிடும். நான்கு வீடு விடுபட்டால் அந்த நான்கு வீடும் அதற்குப் போதும்.

ஒரு மாட்டுக்கு வந்துவிட்டால்

எச்சில் ஒழுகி, நாக்கில் கொப்புளம் தெரிந்து, மாடு நொண்டினால் உடனே செய்ய வேண்டியவை:

நோயுற்ற மாட்டை இருக்கும் இடத்திலேயே தனிமைப்படுத்துங்கள். ஊர் வழியாக ஓட்டிக்கொண்டு மருந்தகத்துக்குப் போகாதீர்கள், மருத்துவரை வரவழையுங்கள். அதைப் பராமரிக்க ஒருவர் மட்டும் போகட்டும். அவர் மற்ற மாடுகளிடம் போகக் கூடாது. ஆள் இல்லாவிட்டால் நல்ல மாடுகளை முதலில் கவனித்துவிட்டு, இதைக் கடைசியாகக் கவனியுங்கள்.

கன்றை ஊட்ட விடாதீர்கள். தாயின் பாலில் உள்ள வைரஸ் கன்றின் இதயத் தசையைத் தாக்கும். எந்தப் புண்ணும் இல்லாமல் திடீரென்று கன்று விழுந்து இறப்பது இதனால்தான். நோயில்லாத மாட்டின் பாலைக் காய்ச்சி ஆற்றிக் கொடுங்கள்.

கோமாரி வைரஸுக்குக் காரமும் ஆகாது, புளிப்பும் ஆகாது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 40 கிராம் சலவை சோடா கரைத்து, தரை, தொட்டி, வாளி, செருப்பு அனைத்தையும் கழுவுங்கள். துணி துவைக்கும் சோப்புத்தூள் வேறு, சலவை சோடா வேறு. கடையில் கேட்டு வாங்குங்கள். முதலில் சாணத்தை வழித்து எடுத்துவிட்டுப் பிறகு ஊற்றுங்கள். சாணத்தின் மேல் ஊற்றும் கிருமிநாசினி வேலை செய்யாது. வாசலில் சுண்ணாம்புத்தூள் பரப்பி, மிதித்து வரச் சொல்லுங்கள்.

கிராமங்களில் பணியாற்றும் கால்நடை ஆய்வாளர்களும் சினை ஊசி போடுபவர்களும் நோய் இல்லாத வீடுகளை முதலில் முடித்து, நோய் வந்த வீட்டுக்குக் கடைசியாகப் போவது நல்லது. அந்த வீட்டை விட்டு வரும்போதே செருப்பையும் கையையும் கழுவிவிட வேண்டும்.

விற்றுவிடலாம் என்ற எண்ணம்

சங்கடமாக இருந்தாலும் இதைப் பேசித்தான் ஆக வேண்டும். ஒரு மாட்டுக்கு நோய் என்றதும், மற்றவற்றையாவது காசாக்கிவிடலாம் என்று இரவோடு இரவாகச் சந்தைக்கு ஏற்றுவது நடக்கிறது. கடன் வாங்கி மாடு வாங்கியவரின் பதற்றம் புரிந்துகொள்ளக் கூடியதே. ஆனால் அந்த மாடுகள் ஏறிய லாரியும், நின்ற சந்தையும், போய்ச் சேர்ந்த ஊரும் நோயை வாங்கிக்கொள்கின்றன. அதே சந்தையில் இருந்துதான் அடுத்த ஆண்டு நீங்களும் மாடு வாங்கப் போகிறீர்கள்.

சட்டமும் இதை அனுமதிப்பதில்லை. கால்நடைத் தொற்றுநோய்கள் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், 2009-ன்படி, அட்டவணையில் உள்ள நோய் வந்ததைத் தெரிவிப்பது உரிமையாளரின் கடமை. நோயுள்ள கால்நடை என்று தெரிந்தே சந்தைக்குக் கொண்டுவருவது தடை செய்யப்பட்டது. கோமாரி வந்த பெரிய மாடுகளில் பெரும்பாலானவை கவனிப்பு இருந்தால் பிழைத்துக்கொள்ளும். அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுவதைவிட, வாய்க்கு மென்மையான கஞ்சியும் காலுக்கு ஈரமில்லாத தரையும் கொடுத்துக் காப்பாற்றுவது உங்களுக்கே லாபம்.

ஒழிக்க முடியுமா?

முடியும். நம் தாத்தா காலத்தில் தொழுவங்களைக் காலி செய்த வெக்கை நோயை இன்றைய இளைஞர்கள் பார்த்ததே இல்லை. இந்தியாவில் அது கடைசியாக 1995-ல் கண்டறியப்பட்டது. 2011-ல் உலகம் முழுவதும் ஒழிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. மனிதரின் பெரியம்மைக்கு அடுத்து உலகில் இருந்து ஒழிக்கப்பட்ட நோய் அதுதான். தடுப்பூசி, நோய் வந்த இடத்தை உடனே தெரிவித்தல், மாடு நடமாட்டத்தைக் கட்டுப்படுத்துதல் ஆகிய மூன்றும் சேர்ந்து அதைச் சாதித்தன. வெக்கை நோய்க்கு ஒரு ஊசி பல ஆண்டு காத்தது. கோமாரிக்கு 6 மாதம்தான். எனவே கோமாரி விஷயத்தில் நம் பங்கு இன்னும் அதிகம்.

இந்த வாரமே நான்கு வேலைகளை முடித்துவிடுங்கள். கடைசியாகக் கோமாரி ஊசி போட்ட தேதியைப் பார்த்து, அடுத்த தேதியை நாள்காட்டியில் குறியுங்கள். புது மாட்டைக் கட்ட ஓர் இடத்தை இப்போதே முடிவு செய்யுங்கள். கொட்டகைச் சுவர் வெடிப்புகளைப் பூசுங்கள். இரண்டு கிலோ சலவை சோடாவும் ஒரு மூட்டைச் சுண்ணாம்பும் வாங்கி வையுங்கள். சந்தேகம் என்றால் அருகில் உள்ள கால்நடை மருந்தகத்தை அணுகுங்கள். அவசரத்துக்கு 1962 என்ற கட்டணமில்லா எண்ணை அழையுங்கள்.